கொயர் பதிவின் வேகம், சுருதி, உணர்வு: ஆப்பை நம்பாமல் காதால் கண்டுபிடிக்கும் முறை

எங்கள் ஆலயக் கொயரில், அதாவது பாடகர் குழுவில், புதுப் பாட்டு எடுக்கும்போதெல்லாம் ஒரே கதைதான். யாராவது ஒரு பதிவைத் தேடி வாட்ஸ்அப் குழுவில் போடுவார், அடுத்த நிமிடமே ‘என்ன கீ?’ (எந்தச் சுருதி), ‘எவ்வளவு பிபிஎம்?’ (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) என்று கேள்வி வரும், இன்னொருவர் அதை ஏதோ ஓர் ஆப்பில் போட்டு வந்த விடையை அப்படியே அனுப்புவார், சனிக்கிழமை பயிற்சியில் கீபோர்டு தம்பி அதை வைத்துத்தான் வாசிப்பார். ஹாண்டெலின் ‘ஹாலெலூயா’வை இப்படித்தான் நாங்கள் இரண்டு மாதம் அரைக் கட்டை இறக்கிப் பாடிப் பழகினோம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைக்கு நடுவே இருக்கும் எங்கள் சிற்றாலயத்தில் அது நன்றாகத்தான் ஒலித்தது. டவுனில் ஒரு பெரிய ஆலயத்துக்குப் போய் அங்கிருந்த ஆர்கனோடு சேர்ந்து பாடியபோதுதான், குரல் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும் அந்த ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ இடத்தில் சோப்ரானோ (உச்சக் குரல்) பிள்ளைகளுக்குத் தொண்டை இறுகிவிட்டது. பிள்ளைகள் மேல் தப்பில்லை. பதிவை நாங்கள் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதிலிருந்து எந்தப் பதிவாக இருந்தாலும் நானே உட்கார்ந்து கேட்டு, வேகம், சுருதி, உணர்வு மூன்றையும் நோட்டில் எழுதிய பிறகுதான் குழுவுக்கு அனுப்புகிறேன். ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். அதை எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன், கொயரில் பாடாமல் வெறுமனே கேட்டு ரசிப்பவர்களுக்கும் இது பயன்படும்.

ஆப்புகள் ஏன் தடுமாறுகின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். வேகம் கண்டுபிடிக்கும் ஆப், ஒலி திடீரென்று எகிறும் இடங்களைத் தேடுகிறது. டிரம்ஸ் இருக்கும் பாட்டில் அது சுலபம். கொயரில் நாற்பது பேர் ‘ஆ’ என்று மெல்ல வாயைத் திறக்கும்போது எகிறல் எங்கே இருக்கிறது? அலை மாதிரி எழுந்து அலை மாதிரி அடங்குகிறது, போதாததற்குக் கல் கட்டடத்தின் எதிரொலி வேறு முந்தைய சுரத்தை அடுத்ததன் மேல் பூசிவிடும். சுருதி விஷயத்திலும் ஆப் செய்வது ஒரு கணக்குதான்: பன்னிரண்டு சுரங்களில் எது எவ்வளவு நேரம் ஒலித்தது என்று கூட்டி, ஒவ்வொரு கீக்கும் இருக்கும் ஒரு மாதிரி வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கரோல் கிரம்ஹான்சல், எட்வர்ட் கெஸ்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1982-இல், எந்தச் சுரம் எந்தக் கீயில் எவ்வளவு பொருந்துகிறது என்று மனிதர்களைக் கேட்க வைத்து உருவாக்கிய வடிவம் இன்றைக்கும் பல மென்பொருள்களில் இருக்கிறது. நல்ல கணக்குதான், ஆனால் பாட்டு எங்கே வந்து உட்காருகிறது என்று அதற்குத் தெரியாது. உங்கள் காதுக்குத் தெரியும்.

தேவையானவை கொஞ்சம்தான்: இயர்போன், சிறியதானாலும் ஒரு கீபோர்டு, சுருதி காட்டும் டியூனர் ஆப் ஒன்று, நொடி முள் உள்ள கடிகாரம், ஒரு நோட்டு. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான சோனிக் விஷுவலைசர் என்ற மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், பதிவை மெதுவாக ஓட்டவும் பீட்டுக்குப் பீட் கோடு போட்டு வைக்கவும் அது நன்றாக உதவும். மழை தகரத்தில் கொட்டும்போது மட்டும் இந்த வேலையில் உட்காராதீர்கள், பேஸ் என்ற அடிக் குரல் ஒன்றும் கேட்காது.

முதலில் வேகம்

ஒரு முறை எதுவும் செய்யாமல் கேளுங்கள். இரண்டாவது முறை தொடையில் கை வைத்துத் தாளம் போடுங்கள். தாளம் நிலைத்த பிறகு கடிகாரத்தைப் பார்த்து முப்பது நொடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி இரண்டால் பெருக்கினால் அதுதான் பிபிஎம். இதை ஆரம்பத்தில் ஒரு தரம், நடுவில் ஒரு தரம், முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தரம் என்று மூன்று இடத்தில் செய்ய வேண்டும், ஏனென்றால் கொயர் ஒரே வேகத்தில் போவதில்லை, வாக்கியம் முடியும் இடத்தில் மூச்சு விடும், சொல் கனக்கும் இடத்தில் தாமதிக்கும். கடைசி இரண்டு வரியை எண்ணவே வேண்டாம், அங்கே எல்லோரும் மெதுவாக்குவார்கள். மூன்று எண்ணையும் சராசரி பார்க்காமல் ‘54 முதல் 60’ என்று எழுதுங்கள். அந்த இடைவெளிதான் நடத்துநர் பாட்டை எவ்வளவு நெகிழவிடுகிறார் என்று உங்களுக்குக் காட்டும்.

நொட்டேஷன் (சுரம் எழுதிய தாள்) கையில் இருந்தால் இன்னும் உறுதியான வழி ஒன்று இருக்கிறது. மோட்சார்ட்டின் ‘ஆவே வேரும் கோர்புஸ்’ மொத்தம் 46 பார், அதாவது தாளக் கட்டம். பாருக்கு நான்கு என்று எண்ணினால் 184 பீட். பதிவு 3 நிமிடம் 20 நொடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது 200 நொடி. 184-ஐ 60-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால் சுமார் 55. முன்னும் பின்னும் இருக்கும் அமைதியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள், சில பதிவுகளில் கடைசி எதிரொலி மட்டுமே ஐந்து ஆறு நொடி நீளும்.

இதே பாட்டுக்கு ஆப் 110 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது ஒரு பீட்டை இரண்டாக எண்ணியிருக்கிறது. 27 என்று காட்டினால் இரண்டை ஒன்றாக எண்ணியிருக்கிறது. எது சரி என்று முடிவு செய்ய நான் பார்ப்பது மூச்சை. பதிவோடு சேர்ந்து முதல் வரியைப் பாடிப் பாருங்கள், உடம்பு எந்த அசைவில் லேசாக ஆடுகிறதோ அதுதான் பீட்.

மும்மூன்றாக ஓடும் பாட்டுகளில் குழப்பம் இன்னும் பெரிது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 147-ஆம் கான்டாட்டாவில் (குரலும் வாத்தியமும் சேர்ந்த நீண்ட படைப்பு) வரும் அந்தப் புகழ்பெற்ற கோரால் என்ற துதிப்பாட்டு, கல்யாணங்களில் ‘ஜீசு, ஜாய் ஆஃப் மேன்ஸ் டிசையரிங்’ என்று வாசிப்பார்களே, அதில் வயலின்கள் மூன்று மூன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், கொயர் அதன் மேல் நிதானமாக நடந்து வரும். ஓடும் சுரங்களை எண்ணினால் மூன்று மடங்கு வேகம் வந்துவிடும். நமக்கு இது புதிதா என்ன? திஸ்ர நடைதான். எங்கள் ஊரில் லயம் என்றாலே தோட்டத்து லயத்து வீடுகள்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும், ஆனால் சங்கீத லயத்தையும் நான் அந்த வீட்டு வாசலில் நின்றுதான் கற்றேன், திருவிழாவில் உறுமி மேளம் போகும்போது. மேளம் ‘தகிட தகிட’ என்று திஸ்ரத்தில் போனால் மூன்று எழுத்துக்கும் யாரும் காலை வைப்பதில்லை, ‘த’வுக்குத்தான் வைப்பார்கள். பாக்கின் பாட்டுக்கும் அப்படியே காலை வையுங்கள்.

அப்புறம், நொட்டேஷனில் எழுதியிருக்கும் வேகச் சொல்லையும் பாருங்கள், ஆனால் பதிவு அதற்குக் கட்டுப்பட்டுத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். புரூக்னர் 1869-இல் லின்ஸ் நகரத்துப் பேராலயத்துக்காக எழுதிய ‘லோகுஸ் இஸ்தே’யில் ‘அலெக்ரோ மொடராட்டோ’ என்று இருக்கிறது, அதாவது மிதமான துரிதம். பல கொயர்கள் அதை ஊர்ந்து போகிற மாதிரிப் பாடுகின்றன. 48 பார், பாருக்கு நான்கு, பதிவு மூன்று நிமிடம் என்றால் 64 வரும், அதைத் துரிதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் சொல்லையும் எண்ணையும் தனித்தனியாக எழுதி வைக்கிறேன். இன்னொன்று: வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவிக்கு மேல்ட்சல் காப்புரிமை வாங்கியது 1815-இல். ஹாண்டெல் 1759-இலும் மோட்சார்ட் 1791-இலும் இறந்துவிட்டார்கள். அவர்கள் பாட்டின் தலையில் பிபிஎம் எண் அச்சாகியிருந்தால் அது பின்னால் வந்த பதிப்பாசிரியர் போட்டது, மதிக்கலாம், கும்பிட வேண்டியதில்லை.

சுருதி

என் அப்பா ஆலயத்தில் ஹார்மோனியம் வாசித்தவர். கீ, ஸ்கேல் எல்லாம் அவருக்குத் தெரியாது. ‘பாட்டு கடைசியில் எங்கே வந்து உட்காருதோ அதுதான்டா ஸ’ என்பார். கொயர் பதிவுக்கும் அதுவே முதல் படி. கடைசிச் சொல் ஒலிக்கும்போது பேஸ் குரலை மட்டும் பிடியுங்கள், அதை வாயை மூடி ஹம் செய்துகொண்டே பதிவை நிறுத்துங்கள், பிறகு கீபோர்டில் தேடுங்கள். டி என்றால் இரண்டு கட்டை, சி என்றால் ஒரு கட்டை, அதற்கு நடுவில் ஒன்றரை.

அடுத்தது காந்தாரம், ஸ ரி க வரிசையில் வரும் ‘க’. ‘ஸ’விலிருந்து நான்கு கட்டை தள்ளி, கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து எண்ணுங்கள், அந்தர காந்தாரம் இருந்தால் மேஜர். மூன்று தள்ளி, சாதாரண காந்தாரம் இருந்தால் மைனர். மேஜர் ஸ்கேல் என்பது நம் சங்கராபரண ராகம்தான், மைனரில் நடபைரவியும் கீரவாணியும் மாறி மாறி வரும். இந்த இரண்டு காந்தாரத்தையும் காதில் ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, முடிவு நம்மை ஏமாற்றும் இடங்கள். மோட்சார்ட்டின் ரெக்வியம் என்ற இறந்தோர் திருப்பலி இசையில் ‘லக்ரிமோசா’ டி மைனரில் அழுதுகொண்டே போகும், கடைசி ‘ஆமென்’ மட்டும் டி மேஜரில் விழும். கடைசியை மட்டும் கேட்டவர் முழுப் பாட்டையும் மேஜர் என்று எழுதிவிடுவார். அதே ரெக்வியம் மொத்தமாக முடியும் இடத்தில் ஸவும் பஞ்சமமும் மட்டும்தான் ஒலிக்கும், காந்தாரமே கிடையாது, மேஜரா மைனரா என்று அந்த ஒலியை வைத்து எவராலும் சொல்ல முடியாது. ஆகவே கடைசிச் சுரத்திலிருந்து ஸவை எடுங்கள், காந்தாரத்தைப் பாட்டின் உடம்பிலிருந்து எடுங்கள்.

ஆப் அடிக்கடி செய்யும் இன்னொரு தவறு, டி மைனரை எஃப் மேஜர் என்று சொல்வது. இரண்டுக்கும் அடிப்படையில் ஒரே ஏழு சுரங்கள்தானே. சந்தேகம் வந்தால் பாட்டு ஓடும்போது அடியில் டியை நீளமாக ஹம் செய்து பாருங்கள், பிறகு எஃப்பை. எது தம்புரா மாதிரி ஒட்டுகிறதோ அதுதான் வீடு.

எங்களை ‘ஹாலெலூயா’வில் கவிழ்த்தது வேறு விஷயம். அந்தப் பாட்டு டி மேஜர், ஹாண்டெல் 1741-இல் எழுதியது. அவர் காலத்து டிரம்பெட்டில் வால்வு கிடையாது, வெறும் குழாய்தான், டியில் அமைந்த குழாய்க்கு டி மேஜரில்தான் முழுக் கம்பீரமும் வரும். நாங்கள் கேட்ட பதிவு பழைய காலத்து வாத்தியங்களை வைத்துப் பாடியது. இன்றைக்கு ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ், ஆனால் ஹாண்டெல் காலத்துப் பரோக் இசைக்கு அந்த மாதிரிக் குழுக்கள் பெரும்பாலும் 415-இல் சுருதி சேர்க்கிறார்கள், அது கிட்டத்தட்டச் சரியாக அரைக் கட்டை குறைவு. அவர்கள் வாசித்த டி நம் கீபோர்டில் சி ஷார்ப். ஆப் பொய் சொல்லவில்லை, காதில் விழுந்ததைச் சொன்னது. தாளில் இருந்தது டி, ஆர்கனும் டியில் வாசித்தது, எங்கள் பிள்ளைகளின் தொண்டை மட்டும் சி ஷார்ப்பில் பழகியிருந்தது.

அதனால் நோட்டில் இப்போது இரண்டு பத்தி: எழுதிய சுருதி, ஒலிக்கும் சுருதி. டியூனர் ஆப்பில் ஸவை வைத்துப் பாருங்கள். சரியாக அரைக் கட்டை கீழே நின்றால் 415 என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு சுரத்துக்கு நடுவில், சுமார் 40 சென்ட் கீழே தொங்கினால் (அரைக் கட்டைக்கு 100 சென்ட்), 430-இல் சேர்த்திருப்பார்கள், மோட்சார்ட், ஹைடன் பாட்டுகளைப் பழைய வாத்தியங்களில் பதிவு செய்பவர்கள் பலர் அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். இணையத்தில் ஏற்றும்போது வேகம் மாறிப்போன பதிவும் உண்டு, சந்தேகம் இருந்தால் வேறு கொயர் பாடிய இன்னொரு பதிவோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

வாத்தியமே இல்லாமல் பாடும் பதிவில் முதல் ஸவையும் கடைசி ஸவையும் தனித்தனியாக அளக்க வேண்டும். எவ்வளவு நல்ல கொயராக இருந்தாலும் மெல்ல இறங்கக்கூடும். ‘லோகுஸ் இஸ்தே’ சி மேஜர், துணை வாத்தியம் கிடையாது, கடைசி ‘ஆ தேயோ’வுக்கு முன்னால் எல்லாக் குரலும் ஒருசேர நின்று அமைதியாகும் ஓர் இடம் இருக்கிறது. அந்த அமைதிக்குப் பிறகு அவர்கள் எந்த சியில் திரும்பி வருகிறார்கள் என்று டியூனரில் பாருங்கள், ஒரு கொயரின் தரம் அங்கே தெரியும்.

பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பலஸ்ட்ரீனா காலத்துப் பாட்டுகளுக்கு மேஜர், மைனர் என்று எழுத முயலாதீர்கள். அவை மோடில் இருப்பவை, நம் ராகம் மாதிரி என்று வைத்துக்கொண்டால் போதும், டோரியன் என்பது சுர வரிசையில் நம் கரகரப்ரியா. ஸ எது, எந்த மோடு என்று மட்டும் எழுதினால் சரி.

உணர்வு கடைசியில்

மற்ற இரண்டையும் முடிக்காமல் இதைத் தொடாதீர்கள். மெதுவாகவும் சத்தம் குறைவாகவும் இருந்தாலே ‘சோகம்’ என்று ஆப் எழுதிவிடும், நாமும் முதல் முறை கேட்கும்போது அதையேதான் செய்கிறோம்.

முதலில் பாட்டின் வார்த்தைகளைத் தமிழில் தெரிந்துகொள்ளுங்கள். ஃபோரேயின் ரெக்வியமில் கடைசியாக வரும் ‘இன் பரதீசும்’, உடலை அடக்கம் செய்யக் கொண்டுபோகும்போது சொல்லும் ஜெபம். சாவுப் பாட்டு, மெதுவான பாட்டு, அப்படியானால் சோகம்தானே என்று தோன்றும். ஆனால் சொற்கள் என்ன சொல்கின்றன? வானதூதர்கள் உன்னைப் பரதீசுக்குள் அழைத்துப் போகட்டும் என்கின்றன. சுருதி டி மேஜர், ஆர்கன் மேலே சின்னச் சின்னதாக அலையடித்துக்கொண்டே இருக்க, சோப்ரானோ தனியாக மிதந்து வரும். வேகம், சுருதி, சொல் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அழுகைக்கு அங்கே இடமே இல்லை. அடக்கத்தின்போது இதைப் பாடப்போகிறவர்களுக்கு இந்த ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், தெரியாமல் அழுகுரலில் பாடினால் அந்த வீட்டாருக்கு நாம் கொடுக்க வேண்டியது போய்ச் சேராது.

உணர்வுக்குப் பெயர் வைக்க ஆங்கிலப் பட்டியல்களைத் தேடிப் போகாதீர்கள். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளே எனக்குப் போதுமானதாக இருக்கின்றன: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ‘ஹாலெலூயா’வுக்குப் பெருமிதமும் உவகையும். ‘லக்ரிமோசா’வுக்கு அழுகை, அதற்குள் அச்சம், ஏனென்றால் அது நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றியது. ‘லோகுஸ் இஸ்தே’, ‘இந்த இடம் கடவுளால் ஆனது’ என்று தொடங்குகிறது, அதற்கு மருட்கை, வியந்து வாயடைத்து நிற்கும் அந்த உணர்வு. ‘ஆவே வேரும்’ எட்டில் எதிலும் முழுதாக அடங்கவில்லை, நான் ‘அமைதி, உள்ளே இரக்கம்’ என்று எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒரு சொல்லோடு நிறுத்தாமல், உணர்வு திரும்பும் இடத்தையும் நொடிக் கணக்கோடு எழுதுங்கள். ‘ஆவே வேரும்’ டி மேஜரில் தொடங்கி ஏ மேஜருக்குப் போய்வரும், அதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடிதான். ‘கூயுஸ் லாதுஸ் பெர்ஃபொராதும்’, அதாவது குத்தித் திறக்கப்பட்ட விலா என்ற வரியில் திடீரென்று எஃப் மேஜர் பக்கம் திரும்பிவிடும். சத்தம் கூடவில்லை, வேகம் மாறவில்லை, வெளிச்சம் மட்டும் மாறுகிறது. எஃப் மேஜரும் மேஜர்தான், ஆனாலும் டி மேஜரிலிருந்து வருகிறவனுக்கு அது நிழலுக்குள் காலெடுத்து வைத்த மாதிரி இருக்கிறது, ஏனென்றால் இதுவரை எஃப் ஷார்ப்பாக இருந்த அந்தர காந்தாரம் அங்கே அரைக் கட்டை இறங்கி எஃப்பாகிவிடுகிறது. சுருதியை முதலில் அளந்தவருக்குத்தான் இந்த இடம் பிடிபடும்.

பதிவுக்குப் பதிவு உணர்வு மாறும் என்பதையும் மறக்காதீர்கள். இருபது பேர் சின்ன ஆலயத்தில் பாடியதும், இருநூறு பேர் பெரிய அரங்கில் பாடியதும் ஒரே பாட்டாக இருக்கலாம், ஒரே உணர்வாக இருக்காது. மோட்சார்ட் ‘ஆவே வேரும்’ தொடக்கத்தில் ‘சோட்டோ வோச்சே’, குரலை அடக்கி என்று எழுதியிருக்கிறார். அதைப் பொருட்படுத்தாமல் முழுத் தொண்டையில் தொடங்கும் பதிவைக் கேட்டால், உணர்வு என்ற இடத்தில் ‘இது மாதிரி வேண்டாம்’ என்று எழுதிவிடுகிறேன்.

என் நோட்டில் ஒரு பாட்டுக்கு இவ்வளவுதான் இருக்கும்: ஆவே வேரும், 46 பார், பதிவு 3:20, வேகம் 54 முதல் 58, எழுதிய சொல் அடாஜியோ (மெதுவாக), எழுதிய சுருதி டி மேஜர், ஒலிக்கும் சுருதி டிக்கு 40 சென்ட் கீழே, அமைதி, உள்ளே இரக்கம், ‘பெர்ஃபொராதும்’ இடத்தில் நிழல், இரண்டாம் பாதியில் பெண்குரலைத் தொடர்ந்து ஆண்குரல் அதே வரியைப் பிடிப்பதைக் கவனிக்க. இதைக் குழுவில் போடும்போது பதிவின் லிங்க்குக்கு மேலேயே போடுகிறேன், அதோடு நம் ஆலயத்துக் கீபோர்டில் டியைப் பத்து நொடி அழுத்தி ஒரு வாய்ஸ் மெசேஜ். பிள்ளைகள் பதிவைக் கேட்டுவிட்டு அந்த டியைப் பிடித்து வீட்டில் பாடிப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.